பழைய ஆங்கிலப் பதவிப் பெயர்களில் ஏமாறாமல் படிப்பது எப்படி

பழைய இங்கிலாந்து உயிலையோ சர்ச் பதிவேட்டையோ படிக்கும்போது, தெரியாத சொல் பெரிய தொல்லை தராது, அகராதியைப் புரட்டிவிடுவீர்கள். தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். கிளார்க், கான்ஸ்டபிள், டாக்டர் எல்லாம் நமக்குத் தெரியாததா என்று தாண்டிப் போய்விடுவோம்.

அதனால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 18-ம் நூற்றாண்டில் கம்ப்யூட்டர் என்றால் மனிதர். 1767-க்கான பதிப்பில் தொடங்கிய நாட்டிக்கல் அல்மனாக் என்ற கடல் பஞ்சாங்கத்துக்காக, வீட்டில் உட்கார்ந்து நிலாவின் இருப்பிடத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அப்படித்தான் அழைக்கப்பட்டார்கள். சயின்டிஸ்ட் என்ற சொல்லையே வில்லியம் ஹ்யூவெல் 1830-களில்தான் உருவாக்கினார். அதற்கு முந்தைய எழுத்தில் ஃபிலாசஃபர் ஒருவர் காற்றுப் பம்பை வைத்துக்கொண்டு சோதனை செய்துகொண்டிருந்தால் குழம்ப வேண்டாம், இன்றைய இயற்பியலாளர்தான் அவர். இன்னொன்று, 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25-ல். ஆக, ஆவணத்தில் 1700 பிப்ரவரி என்றிருந்தால் பெரும்பாலும் அது நம் கணக்கில் 1701.

அடுத்து, யார் நியமித்தது என்று கேளுங்கள். அரசரா, ஊரா, பண்ணைப் பிரபுவா? ரீவ் என்பவர் பிரபுவின் நிலத்தில் வேலை வாங்கியவர், பல இடங்களில் அவரே அங்கே குடியானவர். அதே ரீவ் ஷயர் என்ற மாவட்டத்துக்கு அரசரின் ஆளாக நின்றால் ஷெரிஃப். கான்ஸ்டபிளுக்கு இன்னும் பெரிய வீச்சு: அரசவையில் அவர் மிகப் பெரிய பிரபு, கோட்டையில் அதன் பொறுப்பாளர், 1650-ல் ஒரு கிராமத்தில் என்றால் முறை வந்ததால் சம்பளமில்லாமல் அந்த வருஷம் மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர். சீருடை போட்ட லண்டன் போலீஸ் வந்தது 1829-ல்தான். எஸ்சீட்டர் என்று ஒருவர் உண்டு, வாரிசில்லாமல் செத்தவர் நிலத்தை அரசருக்காக எடுத்துக்கொள்பவர். ஏமாற்றுவதைக் குறிக்கும் சீட் என்ற சொல் அந்த வேலையிலிருந்து பிறந்தது என்றால், ஜனங்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிகிறதல்லவா?

வைத்தியர்களிடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃபிசிஷியன் பல்கலைக்கழகம் போனவர், டாக்டர் பட்டம் அவருக்குத்தான். சர்ஜன் கையால் வேலை செய்பவர், லண்டனில் 1540 முதல் 1745 வரை நாவிதர்களோடு ஒரே சங்கம். மருந்து கலக்கிய அப்பாதிகரிகள் 1617 வரை மளிகை வியாபாரிகளோடு இருந்தார்கள். எனவே மிஸ்டர் இன்னார் வந்து ரத்தம் எடுத்தார் என்று வந்தால், யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் புகுந்துவிட்டதாக நினைக்காதீர்கள், அவர் பெரும்பாலும் சர்ஜனோ அப்பாதிகரியோதான். இங்கிலாந்து சர்ஜன்கள் இன்றைக்கும் மிஸ்டர்தான், கௌரவமாகவே! இன்னும் பின்னால் போய் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்தில் லீச் என்று வந்தால், அட்டையாக இருக்காது, வைத்தியராக இருக்கலாம்.

கிளார்க்கில் இரட்டைப் பொறி. உயிலில் ஒருவர் பெயருக்குப் பின்னால் வெறும் கிளார்க் என்றிருந்தால் பெரும்பாலும் அவர் பாதிரியார். ஆனால் பாரிஷ் கிளார்க் என்றிருந்தால் பாதிரியார் இல்லை, அவருக்கு உதவிய ஊர்க்காரர்.

சந்தேகம் தீர ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிதான் சரி, அர்த்தத்தை மட்டும் படிக்காமல் கீழே ஆண்டு போட்டிருக்கும் மேற்கோள்களைப் பாருங்கள். 18-ம் நூற்றாண்டு எழுத்துக்கு ஜான்சனின் 1755 அகராதியே போதும். 1733-க்கு முந்தைய கோர்ட் பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும், அங்கே கிளார்க்கை கிளெரிகஸ் என்று தேட வேண்டும். அப்புறம், மார்ஷல், ரீவ், கிளார்க் எல்லாம் குடும்பப் பெயராகவும் வரும்; 1600-களில் ஒருவர் பெயர் மார்ஷல் என்பதற்காக அவருக்குப் பதவி கொடுத்துவிடாதீர்கள்.