ரொறன்ரோவில் குப்பை போடுவது: ஸ்காபரோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் கிழமையில் சின் எனும் சமூகக் காப்பு இலக்கம், ஓஹிப் எனும் மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்கு, போன் என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆட்கள் இருப்பார்கள். குப்பையை எங்கே போடுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் அன்றிரவே சமைத்துச் சாப்பிட்டு முடிந்ததும் வெங்காயத் தோலையும் வெறும் பால் பையையும் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

இது ரொறன்ரோ நகர எல்லைக்குள் குடியேறுபவர்களுக்கு மட்டும். எல்லையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் நகருக்குள் போனால் குப்பையை உள்ளே இருப்பது தெரியும்படியான பையில் கட்டித்தான் வைக்க வேண்டும். பிரம்ரனும் மிசிசாகாவும் பீல் பிராந்தியத்துக்குள் வருகின்றன. அங்கே குழந்தையின் பம்பர்ஸை கிறீன் பின் எனும் பச்சைக் கழிவுப் பெட்டியில் போடக் கூடாது, சாதாரண பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுவதும் கூடாது. ரொறன்ரோவில் இரண்டும் சரி. ஆகவே பிரம்ரன் மச்சான் சொல்லும் வாடகை விவரத்தை நம்புங்கள், குப்பை விவரத்தை நம்ப வேண்டாம்.

தனி வீட்டிலோ அதன் பேஸ்மென்டிலோ இருந்தால் மூன்று சில்லுவைத்த பெட்டிகளைக் காண்பீர்கள். பச்சை உணவுக் கழிவுக்கு, நீலம் மறுசுழற்சிக்கு, கறுப்பு மிச்சக் குப்பைக்கு. பச்சையை ஒவ்வொரு கிழமையும் எடுப்பார்கள். கறுப்பையும் நீலத்தையும் ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை மாறி மாறி எடுப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கறுப்புப் பெட்டிக்குள் போட்ட சாமான் இரண்டு கிழமை வரை அங்கேயே கிடக்கும். ஆடி மாத வெயிலில் மீன் செதிலும் இறால் தலையும் அதற்குள் கிடந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாறக்கூடியது எல்லாம் பச்சைக்கு என்று பழகிவிட்டால் இந்த ஊர்க் குப்பையில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம்முடைய சமையலுக்கு கிறீன் பின் நன்றாகவே ஒத்துப்போகும். காய்கறித் தோல், கறிவேப்பிலைக் காம்பு, தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, நண்டுக்கோது, இறைச்சி எலும்பு, பழைய சோறு, பழுதான கறி எல்லாம் போகலாம். கை துடைத்த டிசூ, எண்ணெய் ஒற்றியெடுத்த பேப்பர் டவல், பூனை மண், நாயின் கழிவு, பெண்களின் சானிட்டரி பாட், பம்பர்ஸ் எல்லாமே அதற்குள்தான். கடையில் கிடைத்த பிளாஸ்டிக் பையில் கட்டியே போடலாம். தனியாக மக்கும் பை வாங்கிக் காசைக் கொட்டத் தேவையில்லை. டிஸ்கோ வீதியிலும் டஃபரினிலும் நகரசபைக்கு இரண்டு ஆலைகள் இருக்கின்றன. அங்கே கழிவைத் தண்ணீரோடு கலக்கிப் பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுத்துவிட்டு, காற்றுப் புகாத தாங்கிகளில் நுண்ணுயிர்களைக் கொண்டு மக்க வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் வாயுவைச் சுத்திகரித்து எரிவாயுக் குழாயில் சேர்க்கிறார்கள், எஞ்சுவது உரமாகிறது.

மீன் வெட்டிய கழிவை அன்றே வெளியில் வைக்காமல் ஒரு பையில் கட்டி ஃபிரீசரில் போட்டு வைத்து, குப்பை எடுக்கும் நாளுக்கு முதல் இரவில் பெட்டிக்குள் போடுங்கள். புழு வராது, அயலவரும் முகம் சுளிக்க மாட்டார். பச்சைப் பெட்டியின் மூடியில் ஒரு திருகு பூட்டு இருக்கும். அது இரவில் குப்பையைக் கிளறும் ரக்கூன் என்ற விலங்குகளுக்காக. பழைய சின்னப் பெட்டிகளை அவை திறந்து விருந்து வைத்ததால்தான் 2016இல் பூட்டு வைத்த பெரிய பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். முதலில் கொடுத்தது நம்முடைய ஸ்காபரோவுக்குத்தான். அதையும் திறக்கப் பழகிய ரக்கூன்கள் இருக்கின்றன என்பது வேறு கதை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பெட்டி பூட்டியே இருக்கட்டும்.

வடை, மோதகம் சுட்ட எண்ணெயைக் குழாயில் ஊற்றவே வேண்டாம். குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். பேஸ்மென்டில் இருப்பவர் நீங்கள் என்றால் அந்தத் தண்ணீர் திரும்பி வருவது உங்கள் குளியலறைக்குத்தான். கொஞ்சம் என்றால் பேப்பர் டவலில் ஒற்றிப் பச்சைப் பெட்டியில் போடுங்கள். சட்டி நிறைய என்றால் ஆறவிட்டுப் போத்தலில் ஊற்றி மூடி, நகரசபையின் கழிவு ஒப்படைக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். ஸ்காபரோவுக்கான நிலையம் மார்க்கம் வீதியும் நகெட் அவென்யூவும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனிக் கறுப்புப் பெட்டி. காசு பறிப்பது இதுதான். சிறியது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்று நான்கு அளவு உண்டு. சிறியதில் ஏறக்குறைய ஒரு பை குப்பை பிடிக்கும், மிகப் பெரியதில் நாலரைப் பை பிடிக்கும். பெட்டி பெருக்கப் பெருக்க வருடக் கட்டணமும் ஏறும். அது தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்து, வருடத்தில் மூன்று தரம் வரும் பில்லில் வீட்டுக்காரருக்கு வரும். மேல் வீட்டுக்காரர் உங்கள் குப்பையைப் பார்த்து ஏன் முணுமுணுக்கிறார் என்பது இப்போது விளங்கும். மூடி சாத்த முடியாத அளவுக்கு நிரப்பினால், அல்லது பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பையை வைத்தால், எடுக்காமல் போய்விடுவார்கள். மேலதிகப் பைக்கு கனேடியன் டயர் கடையில் ஒட்டுச்சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். வீட்டுக்கு ஆட்கள் வந்துபோன கிழமைகளில் அது உதவும். ஒவ்வொரு தரமும் அப்படி வாங்குகிறீர்கள் என்றால் பச்சைக்குப் போக வேண்டியது கறுப்புக்குப் போகிறது என்று அர்த்தம்.

பெட்டிகளைக் காலை ஏழு மணிக்கு முன் வீதியோரத்தில் வைத்துவிட வேண்டும். கைபிடி வீட்டுப் பக்கம் பார்க்கட்டும். பெட்டிகளுக்கு இடையில் அரை மீற்றர் இடைவெளி விடுங்கள், வாகனத்தின் இயந்திரக் கை வந்து தூக்க வேண்டும். பனிக்காலத்தில் குவித்த பனிக்கு மேலேயோ பின்னாலேயோ வைத்தால் அந்தக் கைக்கு எட்டாது. நடைபாதையை மறிக்கவும் வேண்டாம், தள்ளுவண்டியோடு வரும் தாய்மாரும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் வீதிக்கு இறங்க வேண்டி வரும்.

நீலப் பெட்டியில்தான் இப்போது குழப்பம் அதிகம். முன்பு இதை நகரசபை நடத்தியது. ஒன்ராறியோ மாகாணம் சட்டத்தை மாற்றி, பொருளைப் பொதி செய்து விற்கும் நிறுவனங்களே மறுசுழற்சிக்கும் பொறுப்பு என்று ஆக்கியது. 2026 ஜனவரி 1 முதல் அந்த நிறுவனங்களின் சார்பில் சேர்குலர் மெற்றீரியல்ஸ் என்ற அமைப்பு முழுப் பொறுப்பில் இருக்கிறது. நீலப் பெட்டியை எடுக்காமல் போனால் முறையிட வேண்டியது அவர்களிடம். பச்சையும் கறுப்பும் நகரசபையிடமே இருக்கின்றன. எதைப் போடலாம் என்ற பட்டியலும் அன்று முதல் மாகாணம் முழுவதற்கும் ஒன்றாகிவிட்டது. ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கோப்பை, கறுப்பு நிற பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, பற்பசைக் குழாய் மூன்றும் ரொறன்ரோவில் முன்பு குப்பைக்குப் போக வேண்டியவை. இப்போது நீலத்துக்குப் போகலாம். இருபது வருடமாக இங்கே இருக்கும் மாமா "கோப்பிக் கோப்பை போடக் கூடாது" என்று அடித்துச் சொல்வார். அவர் சொல்வது பழைய விதி.

மாறாத விதிகளும் உண்டு. கறி ஒட்டிய டப்பாவை அப்படியே எறியாமல் ஒரு தரம் தண்ணீரில் அலசுங்கள், பளபளக்கத் தேவையில்லை. பெட்டிக்குள் சாமானை உதிரியாகவே போடுங்கள், கறுப்புப் பையில் கட்டி உள்ளே போட வேண்டாம். காட்போட் பெட்டிகளைத் தட்டையாக்குங்கள். நீலப் பெட்டி பொதிகளுக்கும் பேப்பருக்கும் உரியது. பழைய உடுப்பு, செருப்பு, உடைந்த விளையாட்டுச் சாமான், எவர்சில்வர் சட்டி, தண்ணீர் குடிக்கும் கண்ணாடிக் கிளாஸ் அதற்குள் போகக் கூடாது. ஜாம் போத்தல் போகலாம், கிளாஸ் போகக் கூடாது என்பது முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். இரண்டும் உருகும் வெப்பநிலை வேறு.

அரிசிச் சாக்கு, தேங்காய்ச் சிரட்டை போலச் சட்டென்று பிடிபடாத சாமான்களுக்கு நகரசபையின் இணையதளத்தில் வேஸ்ட் விசார்ட் என்ற தேடல் இருக்கிறது. பொருளின் ஆங்கிலப் பெயரை அடித்தால் எந்தப் பெட்டி என்று சொல்லும். உங்கள் முகவரியைக் கொடுத்தால் எந்த நாளில் எதை எடுப்பார்கள் என்ற நாட்காட்டியும் கிடைக்கும்.

அபார்ட்மென்டில் குடியிருப்பவர்களுக்கு இதில் பல விஷயம் வேறு. அங்கே ஒவ்வொரு தளத்திலும் குப்பைக் குழாய் இருக்கும். சில கட்டடங்களில் பொத்தானை அழுத்திக் குப்பை, மறுசுழற்சி, உணவுக் கழிவு என்று தெரிவு செய்யலாம். பல பழைய கட்டடங்களில் குழாய் குப்பைக்கு மட்டும்தான், பச்சையும் நீலமும் கீழ்த்தளத்திலோ வாகனத் தரிப்பிடத்துப் பக்கத்திலோ இருக்கும். வீட்டைப் பார்க்கப் போகும்போதே கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரிண்டெண்டனிடம் கேட்டுவிடுங்கள். குழாய்க்குள் பீட்சாப் பெட்டியைத் திணித்து அடைத்தால் முழுக் கட்டடத்துக்கும் தொல்லை. மாடியிலிருந்து கீழே போகச் சோம்பலாகத்தான் இருக்கும். மூடியுள்ள சின்ன வாளி ஒன்றைச் சமையலறையில் வைத்து, வெளியே போகும்போது கையோடு கொண்டுபோவதுதான் சுலபம்.

எந்தப் பெட்டியிலும் போடக் கூடாதவை சில. இன்சுலின் ஊசி முதலாவது. நம் வீடுகளில் நீரிழிவுக்காரர் இல்லாத வீடு குறைவு, அதனால்தான் முதலில் சொல்கிறேன். ஊசியைப் பையில் போட்டால் குப்பை பிரிக்கும் தொழிலாளியின் கையில் குத்தும். மருந்துக்கடையில் கேட்டால் அதற்கான டப்பா தருவார்கள், நிறைந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். காலாவதியான மாத்திரைகளையும் அங்கேயே கொடுக்கலாம். அடுத்தது பற்றரி. போன், லாப்டாப், மின்சைக்கிள் பற்றரிகள் வாகனத்துக்குள் நசுங்கித் தீப்பிடித்திருக்கின்றன. பெயின்ட், பார்பிக்யூ வாயுச் சிலிண்டர், பூச்சிமருந்து எல்லாம் மார்க்கம்-நகெட் நிலையத்துக்குப் போக வேண்டும். கார் இல்லையா? பத்து லீற்றர் அல்லது பத்துக் கிலோவுக்கு மேல் இருந்தால் டொக்சிக் டாக்சி என்ற சேவையை அழைக்கலாம், வீட்டுக்கு வந்து இலவசமாக எடுத்துச் செல்வார்கள். இளவேனிலில் தொடங்கிப் பல வட்டாரங்களில் சுற்றுச்சூழல் நாள் நடத்துகிறார்கள். அங்கேயும் இவற்றைக் கொடுக்கலாம்.

வீதியோரத்தில் நல்ல சோபா, மேசை, கட்டில் கிடப்பதைக் காண்பீர்கள். எடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வீட்டை நிரப்பினார்கள். மரச் சாமான், இரும்புச் சாமான் என்றால் துடைத்து எடுத்து வாருங்கள். மெத்தையும் துணி போர்த்த சோபாவும் மட்டும் வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் அதை விரட்டும் செலவில் புதுச் சோபா இரண்டு வாங்கலாம். உங்களுடையதை வெளியில் வைக்கும்போது பூச்சி இருந்தால் பிளாஸ்டிக்கால் சுற்றி வையுங்கள்.

தோட்டக் கழிவு வீட்டுக்காரரின் பாடு. இலையைப் பழுப்புக் கடதாசிப் பையில் கட்டுவார்கள், வெட்டிய புல்லை எடுக்க மாட்டார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும். பியர், வைன் போத்தல்களை நீலத்தில் போடுவதற்கு முன் யோசியுங்கள். வாங்கும்போதே அளவைப் பொறுத்து 10 அல்லது 20 சதம் வைப்புப் பணம் கட்டியிருப்பீர்கள், பியர் ஸ்டோரில் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். சோடாப் போத்தலுக்கு இது கிடையாது.

கடைக்குப் போகும்போது பை கொண்டுபோங்கள், சொப்பிங் பாக் தரும் காலம் போய்விட்டது. 2024 மார்ச் 1 முதல் ரொறன்ரோவில் சாப்பாட்டுக் கடைகள் கேட்காமல் பிளாஸ்டிக் கரண்டி, சோஸ் பொட்டலம் போன்றவற்றைத் தரக் கூடாது என்ற விதி இருக்கிறது. கொத்துரொட்டி கட்டும்போது "கரண்டி வேண்டுமா?" என்று கேட்டால் அந்த விதியால்தான். வீட்டுக்குத்தானே கொண்டுபோகிறீர்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. ரொறன்ரோவுக்கு வடக்கே வாண் நகரில் இருந்த கீல் வாலி என்ற குப்பைமேடு 2002 இறுதியில் மூடப்பட்டது. அதன்பின் 2010 வரை ரொறன்ரோவின் குப்பை லொறி லொறியாக எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனது. அங்கே எதிர்ப்பு வலுக்கவே, நகரசபை 2007இல் ஒன்ராறியோவிலேயே இருக்கும் லண்டன் நகருக்குப் பக்கத்தில் கிறீன் லேன் என்ற குப்பைமேட்டை வாங்கியது. ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தூரம். அதுவும் 2035 அளவில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த மேட்டைத் தங்கள் ஊரில் வைத்துக்கொள்ள எந்த ஊரும் கைதூக்கவில்லை.

ஏதாவது சந்தேகம் என்றால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழையுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் எடுத்தவுடன் "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பெட்டி உடைந்துவிட்டது, குப்பை எடுக்கவில்லை என்று முறையிடுவதற்கு முன் முகவரியையும் பெட்டியின் நிறத்தையும் கையில் வைத்திருங்கள். நீலம் என்றால் சேர்குலர் மெற்றீரியல்ஸிடம் போகச் சொல்வார்கள்.