கொல்லையில் சின்ன வீடு: சிட்டி பெர்மிட் மட்டும் போதாது

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்தால் தங்குவதற்குக் கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன வீடு. கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் பலருக்கு இந்த ஆசை உண்டு. இதை ஏ.டி.யு. (அதே மனையில் கட்டும் துணை வீடு) என்பார்கள். சிட்டி பெர்மிட் கிடைத்ததும் அஸ்திவாரம் தோண்டிவிடாதீர்கள். ஸோனிங், எந்த மனையில் என்ன கட்டலாம் என்று சிட்டி போட்ட சட்டம். எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிகளோ வீட்டோடு சேர்ந்தே வரும் ஒப்பந்தம். பெர்மிட் தரும் சிட்டி பொதுவாக இந்த ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை.

முதலில், வீடு வாங்கியபோது தந்த சி.சி. அண்ட் ஆர். பத்திரத்தை, அதாவது எச்.ஓ.ஏ. விதிகள் அடங்கிய பத்திரத்தை, தேடி எடுங்கள். இல்லையென்றால் கவுன்ட்டி ரெக்கார்டர் (பத்திரப் பதிவு) அலுவலகத்தில் நகல் கிடைக்கும்.

அடுத்து, இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சிட்டி 6 அடி வேலி போடலாம் என்று சொல்லி, எச்.ஓ.ஏ. 5 அடிதான் என்றால், உங்களுக்கு 5 அடிதான். எச்.ஓ.ஏ. 8 அடிக்குச் சம்மதித்தாலும் சிட்டியின் 6 அடியைத் தாண்ட முடியாது. எது கடுமையோ அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். எச்.ஓ.ஏ. 'கூடாது' என்றதுமே பலர் திட்டத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் மாநிலச் சட்டம் சிட்டி, எச்.ஓ.ஏ. இரண்டின் விதிகளுக்கும் மேலே நிற்கிறது. 2020 முதல் நடப்பில் உள்ள, மாநில சிவில் கோட் (உரிமையியல் சட்டத் தொகுப்பு) பிரிவு 4751, தனி வீட்டு மனைகளில் ஏ.டி.யு.வைத் தடுக்கும் எச்.ஓ.ஏ. விதி செல்லாது என்கிறது. நேரடித் தடை மட்டுமல்ல. பின்வேலியிலிருந்து 20 அடி விடச் சொல்லி, மீதி இடத்தில் எதுவுமே கட்ட முடியாமல் போனால் அதுவும் தடைதான். நியாயமில்லாமல் செலவை ஏற்றும் நிபந்தனையும் செல்லாது. பெயின்ட் நிறம், கூரை ஓடு வீட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பது வேறு. அதற்குச் சம்மதித்துவிடுவது நல்லது. சோலார் பேனலுக்கும் இதுபோலவே சிவில் கோட் பிரிவு 714 இருக்கிறது.

இது கலிஃபோர்னியாவுக்கு மட்டும். ஹூஸ்டனில் ஸோனிங் சட்டமே கிடையாது. மனைப் பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடுகளை மீறினால் அங்கே சிட்டியே வழக்குப் போடலாம்.

கடைசியாக விண்ணப்பம். வரைபடத்தை எச்.ஓ.ஏ.வுக்கு முதலில் அனுப்புங்கள், சிட்டிக்கு அப்புறம். பெர்மிட் வாங்கிய பிறகு வரைபடத்தை மாற்றினால் வீண்செலவு. எச்.ஓ.ஏ. மறுத்தால், சிவில் கோட் 4765-இன்படி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுபரிசீலனைக்கு என்ன வழி என்பதும் அதில் இருக்க வேண்டும். பிரிவு 4751-ஐக் குறிப்பிட்டு அந்த மறுபரிசீலனையைக் கேளுங்கள். எச்.ஓ.ஏ. போர்டில் (நிர்வாகக் குழுவில்) ஒருவர் வாய்வார்த்தையாக 'சரி, கட்டிக்கோங்க' என்றால் அதை நம்பி கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.