தோல் வெட்டும்போது மற்றக் கை எங்கே?

கொழும்பு புறக்கோட்டையில் தோல் துண்டும் கத்தியும் வாங்கி வந்து பெல்ட் செய்ய உட்காருபவர்கள் கத்தி பிடிக்கும் கையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். வெட்டுப்படுவதோ மற்றக் கை. தோலை அழுத்திப் பிடிக்கும் விரல்கள் கத்தியின் பாதைக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருக்கட்டும், முன்னால் கூடவே கூடாது.

நேர்கோட்டுக்கு இரும்பு அடிமட்டம் வையுங்கள். பிளாஸ்டிக் அடிமட்டம் என்றால் கத்தி அதைச் சீவிக்கொண்டு மேலே ஏறிவிடும். என் கட்டைவிரல் தழும்பு அப்படி வந்ததுதான். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலை ஒரே இழுவையில் அறுக்க நினைக்காதீர்கள். முதல் இழுவை தடம் போட மட்டும். பிறகு அதே தடத்தில் இரண்டு மூன்று தரம், மணிக்கட்டை மடக்காமல் முழுக் கையாலும் இழுங்கள். வளைவு வந்தால் கத்தியைத் திருப்புவதைவிடத் தோலைத் திருப்புவது சுகம். ஓரத்தை மெலிதாகச் சீவும்போது கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். மடியில் வைத்துச் சீவ வேண்டாம்.

வழக்கத்தைவிட அழுத்த வேண்டியிருக்கிறதா? கத்தி மழுங்கிவிட்டது, அப்போதுதான் அது வழுக்கும். பழைய பெல்ட்டின் சொரசொரப்பான பக்கத்தில் உலோகத்துக்கு மெருகேற்றும் பசை பூசி, கத்தியின் முதுகு முன்னே போகும்படி பத்துப் பதினைந்து தரம் இழுத்தால் கூர் திரும்பும்.

கொழும்புக் காற்றின் ஈரத்தில் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தடவி, உறையில் போட்டு வையுங்கள். கத்தி கைதவறினால் பிடிக்கப் பாயாதீர்கள், காலை விலக்குங்கள்.