பழைய அக்கார்டியனைப் பார்த்து அதன் வரலாற்றை அறிவது எப்படி?

துருத்தியை இழுத்துத் தள்ளி வாசிக்கும் இசைக்கருவியான அக்கார்டியன், பழையது ஒன்று கைக்கு வந்தால், பெரும்பாலோர் முதலில் அதன் முகப்பில் உள்ள பெயரைத்தான் தேடுகிறார்கள். பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இறக்குமதியாளரோ கடைக்காரரோ கேட்ட பெயரைத் தொழிற்சாலைகள் பொறித்துக் கொடுத்ததும் உண்டு என்பதால், பெயர் தவறான வழியில் இட்டுச்செல்லக்கூடும். பொத்தான்களும், காற்றில் அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்குகளைக் கொண்ட ரீடுகளும் அப்படி ஏமாற்றுவதில்லை. இந்த இசைக்கருவி கடந்துவந்த ஒவ்வொரு கட்டமும் அவற்றில் பதிந்திருக்கிறது.

தோள்வார்களை மாட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து, துருத்தியின் வார்களை அவிழ்த்துவிடுங்கள். எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் துருத்தியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் அது விரிந்தால், அட்டை மடிப்புகளிலோ மூலைத் தோலிலோ வால்வுகளிலோ காற்று கசிகிறது என்று பொருள். கசியும் துருத்தியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு சோதித்தால் காதுக்குச் சரியான விடை கிடைக்காது.

அடுத்த சோதனைதான் முதன்மையானது. வலக்கைப் பக்கத்தில் ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தியபடியே துருத்தியை ஒருமுறை இழுத்து, பிறகு தள்ளுங்கள். இரண்டு திசையிலும் ஒரே ஸ்வரம் கேட்கிறதா, வேறு வேறு ஸ்வரமா? வேறாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது இக்கருவியின் மூல வடிவத்துக்கு நெருங்கிய டயாடோனிக் வகை. 1829ஆம் ஆண்டு மே மாதம் வியன்னாவில் சிரில் டெமியான் தம் மகன்கள் இருவருடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்த சிறிய பெட்டியில் ஐந்தே கட்டைகள் இருந்தன. ஆயினும் இழுக்கும்போது ஒன்று, தள்ளும்போது ஒன்று என அவை பத்துக் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) தந்தன. ஒரு கட்டைக்கு ஒரு ஸ்வரம் என்றில்லாமல் முழுக் கார்டே ஒலித்ததால்தான், கார்டைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து இக்கருவிக்கு இப்பெயர் வந்தது.

இந்த வேறுபாடு எப்படி உண்டாகிறது என்பதை அறிய ரீடைப் பார்க்க வேண்டும். ஓர் உலோகத் தகட்டில் இரண்டு துளைகளை வெட்டி, ஒன்றின் நாக்கை மேற்புறத்திலும் மற்றதன் நாக்கைக் கீழ்ப்புறத்திலும் ஆணியடித்துப் பொருத்துகிறார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்து நாக்கைத் துளைக்குள் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்து நாக்கு மட்டுமே அதிர்கிறது. மற்றத் துளையை ஒரு மெல்லிய தோல் அடைத்துக்கொள்கிறது. இரு நாக்குகளையும் ஒரே சுருதிக்கு அராவினால் இரு திசையிலும் ஒரே ஸ்வரம் கிடைக்கும். வேறு சுருதிக்கு அராவினால் டயாடோனிக் வகை பிறக்கும். அதிரும் நாக்கு என்ற கருத்து சீனாவின் ஷெங் கருவியில் மிகப் பழங்காலத்திலேயே இருந்தது. நம் நாடக மேடைகளில் ஒலித்த ஆர்மோனியத்தின் ரீடும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

வலப்பக்கத்தில் பியானோக் கட்டைகள் இருந்தால் வேறொரு கிளைக்கு வந்துவிட்டீர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய அந்த அமைப்பை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மேடைகளில் வாசித்த கைடோ டெய்ரோ, பியட்ரோ டெய்ரோ சகோதரர்கள் பெரிதும் பரப்பினார்கள். பொத்தான்களே இருந்து, இரு திசையிலும் ஒரே ஸ்வரம் வந்தால் அது குரோமாட்டிக் வகை. ரஷ்யாவின் பயான் அதில் ஒன்று.

இடக்கைப் பக்கத்தில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். முழு அளவுக் கருவியில் 20 சாய்வரிசைகளில் ஆறு ஆறாக 120 பொத்தான்கள் இருக்கும். இத்தாலிய ஊரான ஸ்ட்ரடெல்லாவின் பெயரால் இந்த அமைப்பை அழைக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தால் ஒரு பொத்தானில் குழியோ கல்லோ தட்டுப்படும், அதுதான் மேற்கத்திய இசையின் ஸி (C) ஸ்வரம். அதை ஸட்ஜமாகக் கொண்டால், முகவாய்ப் பக்கம் அடுத்துள்ள பொத்தான் அதன் பஞ்சமம். துருத்தியை ஒட்டிய இரு நீள வரிசைகளும் தனி ஸ்வரங்கள்; அடுத்த நான்கும் மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்ட் கார்டுகள். ஒரு விரல் அழுத்தினால் உள்ளிருக்கும் கம்பிகள் பல வால்வுகளை ஒருசேரத் திறக்கின்றன. டெமியானின் ஐந்து கட்டைகள் செய்த வேலையை இன்று இந்த இடக்கைதான் செய்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

உள்ளே பார்க்க விரும்பினால், துருத்தியைப் பிடித்திருக்கும் ஊசிகளைத் துணி சுற்றிய குறடால் உருவி, எந்த ஊசி எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 41 கட்டைகளும் ஒவ்வொன்றுக்கும் நான்கு ரீடுகளும் உள்ள கருவியில் வலப்பக்கத்தில் மட்டும் 328 நாக்குகள் இருக்கும். எஃகு நாக்குகளை விரலால் தொட வேண்டாம். வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். தகடுகளைத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கலவை பிடித்திருக்கும். அது வெடித்து உதிர்ந்திருந்தால் மீண்டும் மெழுகிட வேண்டும். அந்த வேலையைக் கைதேர்ந்தவரிடமே கொடுங்கள்.

இப்போது பெயரைப் படியுங்கள். காஸ்டெல்ஃபிடார்டோ என்றிருந்தால், 1860களில் பவுலோ சோப்ரானி தொழில் தொடங்கிய இத்தாலிய ஊர் அது. டிராசிங்கன் என்றிருந்தால், மத்தியாஸ் ஹோனர் 1857இல் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கிய ஜெர்மன் ஊர். அந்நிறுவனம் அக்கார்டியன் செய்யத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

ஊசிகளை அவற்றின் பழைய துளைகளிலேயே செருகி மூடிய பின், கருவியைப் படுக்கவைக்காமல், வாசிக்கும்போது இருக்கும் நிலையிலேயே அடிப்பக்கக் குமிழ்களின் மேல் நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்தால் ரீடுகளின் தோல்கள் தொங்கி வளைந்துவிடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். மெழுகு இளகி ரீடுகள் இடம்பெயர ஒரு பிற்பகல் போதும்.