ஊட்டியில் ஒரு நாள்: மூட்டுவலிக்கார மாமியாரோடும் ஆறு வயதுப் பையனோடும்

முதல் தடவை போனபோது ஒரே நாளில் ஒன்பது இடம் என்று பட்டியல் போட்டேன். நாலாவது இடத்தில் மாமியார் காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். மலை ஊரில் கிலோமீட்டர் கணக்கு உதவாது, எத்தனை ஏற்றம் என்றுதான் பார்க்கணும். அப்படிப் பார்த்து இரண்டாம் தடவை போட்ட திட்டம் இது. முந்தைய இரவே ஊட்டியில் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன்

வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. வீட்டு எவர்சில்வர் பாட்டிலே போதும். ஸ்வெட்டரை டிக்கியில் போடாதீர்கள், மடியில் இருக்கட்டும்.

படி 1: காலையில் தொட்டபெட்டா

2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி. ஊரிலிருந்து சுமார் 10 கி.மீ. மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் எதிரில் வெள்ளைத் துணி கட்டின மாதிரிதான், அதனால் இதை முதலில் முடியுங்கள். காலைக்கு இரண்டு இட்லி போதும். பூரி மசாலா தின்றுவிட்டு வளைவுகளில் ஏறினால் என்ன ஆகும் என்பதை என் பையன் செய்து காட்டிவிட்டான்.

படி 2: தாவரவியல் பூங்கா

1848-ல் தொடங்கியது, 22 ஹெக்டேர். முழுக்கச் சுற்ற நினைக்காதீர்கள். பெரியவர்களைக் கீழ்ப் புல்வெளியில் உட்கார வைத்துவிட்டு, காலில் தெம்பு உள்ளவர்கள் மேலே ஏறலாம். கல்லாகிப் போன மரம் ஒன்று இருக்கிறது, 2 கோடி வருடப் பழசு. "பாட்டியை விடவா?" என்று கேட்டான் பையன். நல்லவேளை, பாட்டி கீழே இருந்தார்.

படி 3: வயிறு

பன்னிரண்டரைக்குள் ஊருக்குள் சேரிங் கிராஸ் சந்திப்புப் பக்கம் சாப்பிட்டுவிடுங்கள். ஒரு மணிக்கு மேல் இடம் பிடிக்க நிற்க வேண்டியிருக்கும். குளிருக்குச் சூடான ரசம் போல வேறில்லை.

அப்புறம் வர்க்கி, ஊட்டியின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வாங்குமுன் ஒன்றை உடைத்துப் பாருங்கள்: அடுக்கடுக்காகப் பொலபொலவென உதிரணும், சிக்கு வாசனை வரக் கூடாது. கெட்டியாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், அது டீயில் முக்கித் தின்பதற்கு. சாக்லேட்டை எடை போட்டு விற்பார்கள். எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துக் கால் கிலோ வாங்கினாலே குழந்தைகளுக்கு நிறைவு. தழையோடு கட்டிய கேரட்டையும் விட்டுவிடாதீர்கள்.

படி 4: ரயிலில் இறங்குங்கள்

ஏரியில் படகுச் சவாரியை நான் வெட்டிவிட்டேன். அதற்குப் பதில் பிற்பகல் மலை ரயிலில் குன்னூர் வரை, 19 கி.மீ. லவ்டேல், கேத்தி என்று நின்று நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாரும் நடக்க வேண்டாம், பள்ளத்தாக்கு தானாக ஜன்னலுக்கு வரும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் ரயிலின் சக்கரம் பல்லில் பிடித்து ஏறும் பல்சக்கரத் தண்டவாளம் குன்னூருக்குக் கீழேதான், இந்தப் பகுதியில் இல்லை. பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டிரைவர் காரைக் குன்னூருக்குக் கொண்டுவந்துவிட்டால் அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கலாம். கோடை சீசனில் மட்டும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அப்போது இந்த யோசனை சரிப்படாது.

குன்னூர் நடைமேடையில் டீ வாங்கிப் பையைப் பிரித்தபோது வர்க்கி பாதிதான் இருந்தது. மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.