சர்வீஸ் முடிந்து வந்த பைக்கில் பிரேக்கோ சக்கரமோ ஆடினால்: ஷோரூமில் செய்யக்கூடாத தவறுகள்

எங்கள் ரைடிங் குழுவில் இருக்கும் ஒரு தம்பி போன வாரம் போன் செய்தான். செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றிக்கொண்டு வந்த இரண்டாம் நாளே பின் சக்கரம் பக்கவாட்டில் ஆடியிருக்கிறது. குனிந்து பார்த்தால், சக்கரத்தின் அச்சைப் பிடித்து வைக்கும் ஆக்ஸில் நட் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்து கிடக்கிறது.

"அப்புறம் என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"மெதுவா ஓட்டிக்கிட்டே போய் ஷோரூம்ல விட்டேண்ணே. அஞ்சு நிமிஷத்துல டைட் பண்ணிக் குடுத்துட்டாங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடத்துக்கு முன் நான் செய்ததை அப்படியே செய்திருக்கிறான். இவனைப் போல இன்னும் மூன்று நான்கு பேரைப் பார்த்துவிட்டேன். பில்லைப் பத்திரமாக வைப்பது, கவுண்டரில் கத்தாமல் பேசுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்கள்கூடச் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைப்பது

ஓட்டாதீர்கள். வேறு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

பழுதைப் பதிவு செய்யாமல் பைக்கை அவர்கள் கையிலேயே கொடுப்பது

ஆறு வருடத்துக்கு முன் நடந்தது இதுதான். முன் டயர் மாற்றக் கொடுத்திருந்தேன். முன் சக்கரத்தைக் கழற்ற, என் பைக் உட்படப் பல பைக்குகளில் பிரேக் கேலிப்பரையும், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தையும், கழற்றியாக வேண்டும். இரண்டே போல்ட். திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, சர்வீஸ் மேனுவலில் அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். என் பைக்கில் அதை யாரோ கையால் சுற்றி மாட்டிவிட்டு, இறுக்க மறந்து அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள், ஒரு இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம், லீவரில் ஒரு உதறல். ஓரங்கட்டிப் பார்த்தேன். கீழ் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. கேலிப்பர் மேல் போல்ட்டில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பு ரிம்மின் உள்பக்கத்தில் உரசி, வளைந்த கோடாகக் கீறியிருந்தது. கேலிப்பர் இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தால் முன் சக்கரம் அங்கேயே பூட்டியிருக்கும்.

ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர் பதறிப்போனார். "உட்காருங்க சார், ரெண்டு நிமிஷம்" என்றார். மெக்கானிக் புது போல்ட் போட்டார், இறுக்கினார், துணியால் துடைத்துக் கொடுத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, டிஸ்க்கில் வரிவரியாகத் தேய்மானம் தெரிந்தது. கேலிப்பர் மாட்டும் இடத்தின் மரையும் கெட்டுப்போயிருந்தது. மாற்றித் தரச் சொல்லி எழுதினேன். அன்று வண்டி வந்ததாகவே பதிவு இல்லை, ரிம் கீறலுக்கு ஏதாவது கல் காரணமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. வண்டியின் பழுதையும் செய்யும் வேலையையும் எழுதும் ஜாப் கார்டு போடாமலே வேலையை முடித்திருக்கிறார்கள். எனக்கிருந்த ஒரே சாட்சி அந்த வெற்று ஓட்டைதான். அதை நானே அடைக்க விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் என் செலவில் மாற்றினேன்.

பணத்தைவிட வேறொன்றுதான் இன்றுவரை உறுத்துகிறது. எங்கும் எழுத்தில் இல்லாததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. அதே நாளில் அதே கைகள் வேறு எத்தனை பைக்குகளின் சக்கரத்தை மாட்டினவோ, அந்த வண்டிக்காரர்கள் யாருக்கும் ஒரு போன்கூடப் போயிருக்காது.

அதனால், யாரும் ஸ்பேனர் வைப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி முழு வண்டியைப் போட்டோ எடுங்கள். ஓடோமீட்டரை எடுங்கள். பிறகு பழுதான இடத்தைக் கிட்டத்தில், இரண்டு மூன்று கோணங்களில். எது ஆடுகிறதோ அதைக் கையால் அசைத்துக் காட்டி, இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சில பட்டறைகளில் போல்ட்டை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்டில் ஒரு கோடு போடுவார்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அதையும் எடுங்கள். விழுந்த போல்ட், வளைந்த வாஷர் எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

அடுத்து, அந்த ஷோரூமோடு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தேதி, ஓடோமீட்டர் எண், கண்ணால் கண்டது ஆகியவற்றை அவரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு பக்கம் போதும். ஒருமுறை இறுக்கிவிட்ட போல்ட், அதற்கு முன் எவ்வளவு தளர்ந்திருந்தது என்று எந்தக் கருவியும் சொல்லாது.

சரி, இப்போது பைக்கைக் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஜாப் கார்டை வாசியுங்கள். 'பிரேக் சத்தம், செக் செய்யவும்' என்று எழுதுவார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 'முன் கேலிப்பர் கீழ் போல்ட் இல்லை, இன்ன தேதியில் இங்கே டயர் மாற்றிய பிறகு' என்று எழுதச் சொல்லுங்கள். உயிர் போகிற பழுது ஒன்று சாதாரண சத்தப் புகாராக மாறுவது அந்த ஒரு வரியில்தான்.

நீங்களே கழற்றிப் பார்ப்பது

"நீங்கதான் லூஸ் பண்ணியிருப்பீங்க" என்பார்கள். பதில் சொல்ல முடியாது.

வாரண்டி என்று பேச்சைத் தொடங்குவது

வாரண்டி என்பது கம்பெனி தயாரித்த பொருளில், தயாரிப்பில் இருக்கும் குறைக்கானது. சர்வீஸில் போல்ட்டை இறுக்காமல் விட்டது அந்த வேலையைச் செய்தவர்களின் பொறுப்பு. வாரண்டி என்று கேட்டால் கோரிக்கை கம்பெனிக்குப் போகும், தயாரிப்புக் குறை இல்லை என்று திரும்பி வரும், ஷோரூமும் கை விரித்துவிடும். 'நீங்கள் செய்த வேலையில் குறை' என்றே சொல்லுங்கள், எழுதுங்கள்.

ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

'திருப்தி' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி என்பார்கள். முதலில் பிரேக் லீவரைப் பிடித்துப் பாருங்கள். புது பேட் (டிஸ்க்கில் உரசும் கட்டை) போடும்போது, அதை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். அதன்பின் லீவரைப் பல முறை அடிக்காமல் விட்டால், முதல் பிடி அப்படியே ஹேண்டில் வரைக்கும் வரும், பிரேக் இருக்காது. கேட் தாண்டியதும் முதல் வளைவில் அதைக் கண்டுபிடிக்கிற நிலை யாருக்கும் வேண்டாம்.

பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஏபிஎஸ் இருந்தால், வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் மீட்டரில் எரியும் ஏபிஎஸ் விளக்கு அணைய வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் அணையாமல் நின்றால், சென்சார் பக்கம் ஏதோ சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். ஆக்ஸில் நட்டில் காட்டர் பின் (நட் கழன்றுவிடாமல் குறுக்கே செருகி, இரு கால்களையும் வளைத்துவிடும் கம்பி) இருக்கிற மாடல் என்றால், அது புதிதா பழையதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். ஓட்ட விடாமல் அவசரப்படுத்தினால், கையெழுத்துக்கு மேலே 'ஓட்டிப் பார்க்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

வாய்ப்பேச்சோடு விடுவது

போனில் பேசியதை அன்றே மெயிலில் எழுதி அனுப்புங்கள்.

அந்த மெயிலில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அன்றைய வேலையில் திறந்த அத்தனை நட்டு போல்ட்டுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன டார்க் (இறுக்கும் அளவு) வைத்தீர்கள் என்று எழுதித் தர வேண்டும். ஒன்றை இறுக்காமல் விட்ட இடத்தில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கலாம். பதில் வராவிட்டால், அதே போட்டோக்களோடு தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்புங்கள்.

நேற்று அந்தத் தம்பியின் வண்டியைப் போய்ப் பார்த்தேன். நட்டை நன்றாகத்தான் இறுக்கியிருக்கிறார்கள். ஆனால் பின் சக்கரத்தை நகர்த்திச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டியது, இடது பக்கம் மூன்றாவது கோட்டிலும் வலது பக்கம் நான்காவது கோட்டிலும் நிற்கிறது. சக்கரம் கோணலாக இருக்கிறது. காட்டர் பின்னும் பழையதுதான், ஒரு கால் முறிந்திருக்கிறது. இவற்றை இன்னும் யாரும் தொடவில்லை. இருவரும் உட்கார்ந்து போட்டோ எடுத்தோம். பக்கத்துப் பட்டறைக்காரரை அழைத்துவந்து, பார்த்ததை எழுதி வாங்கினோம். வண்டி இப்போது ஸ்டாண்டில் நிற்கிறது. அவன் மெயில் எழுதிக்கொண்டிருக்கிறான்.