வளைந்த பொங்கல் சுவர்ப்படம்

மிச்சமிருந்த கலர் பேப்பர், ஜிகினா, குந்தன் கற்களை வைத்து அட்டையில் பொங்கல் பானையும் கரும்பும் செய்தேன். ராத்திரி தட்டையாக இருந்த அட்டை காலையில் அப்பளம் போல வளைந்து கிடந்தது. புத்தகங்களை அடுக்கி அழுத்தினேன். எடுத்ததும் மறுபடி வளைந்தது. தடிமனான அட்டைக்கு மாறியும் பயனில்லை.

கூர்ந்து பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. பசை ஈரமாக இருக்கும்போது ஓரங்கள் பின்பக்கம் சாய்கின்றன. காய்ந்த பிறகுதான் படம் உள்ள பக்கம் மடங்குகின்றன. ஈரத்தில் விரிந்த பேப்பர், காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. சரி, பின்னாலும் அதே இழுப்பைக் கொடுப்போம் என்று, முன்பக்கம் காயும் முன்பே அதே பேப்பரை அதே பசையால் பின்பக்கம் முழுக்க ஒட்டினேன். பழைய வேட்டித் துணிக்கு நடுவே வைத்து, மேலே பலகை ஏற்றிக் காயவிட்டேன்.

அப்பாடா, நிமிர்ந்து நின்றது. கற்களை அதற்கப்புறம்தான் பதிக்க வேண்டும். முன்பே பதித்தால் பலகை சமமாக அழுத்தாது.